பம்பரில் எழுதியிருப்பது: ராணுவப் போலீஸ் ஜீப்பும் மாதிரிக் கலைஞரும்

மாதிரி வண்டிக் கண்காட்சிகளில் ஒரு ஜீப்பைத் தவறாமல் பார்க்கலாம். அளவு 1/35. சக்கரங்களில் ஆர்டென் காட்டுப் பனி. முன்கண்ணாடிக்குக் கீழே பளீரென்று வெள்ளை எழுத்தில் ‘மிலிட்டரி போலீஸ்’. மட்கார்டில் சைரன், பக்கத்தில் சிவப்பு விளக்கு. பானெட்டில் வளையத்துக்குள் நட்சத்திரம். பக்கவாட்டில் குறுக்காக வைத்த இரண்டு கைத்துப்பாக்கிகள். ஓட்டுபவர் தலையில் முழு வெள்ளை ஹெல்மெட். பம்பரிலோ போர்முனை டிவிஷன் ஒன்றின் எண்.

தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டிவிடலாம். அமெரிக்க ராணுவப் போலீஸ் இவை அத்தனையையும் எங்கோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு ஆண்டில் பயன்படுத்தியிருக்கிறது. 1944 டிசம்பரில், பெல்ஜியத்துப் பனியில், போர்முனை வண்டி ஒன்றில் இவை எல்லாம் ஒன்றுகூடியிருந்தன என்பதற்குத்தான் ஆதாரம் கிடைப்பதில்லை. கிட்டோடு வரும் டெக்கால் தாளில் இருந்ததையெல்லாம் ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தவறு மற்ற வண்டிகளைவிட ராணுவப் போலீஸ் வண்டியில் அதிகம் நடப்பதற்குக் காரணம் அந்த வேலையிலேயே இருக்கிறது. டாங்கிக்கும் பீரங்கி லாரிக்கும் மறைந்திருப்பதுதான் பாதுகாப்பு. போலீஸ் வண்டியோ தெரிந்தால்தான் பயன்படும். சந்திப்பில் நின்று ஆயிரம் லாரிகளைத் திருப்பிவிடும் ஆளை ஓட்டுநர்கள் தூரத்திலேயே அடையாளம் கண்டாக வேண்டும். ஆனால் அதே ஜீப் எதிரி பீரங்கியின் எல்லைக்குள் போகும்போது அந்த வெள்ளை எழுத்தே குறியாகிவிடும். ஆகவே இந்த வண்டிகளுக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்று அடக்கி வாசித்த போர்முனை வாழ்க்கை. மற்றொன்று போர் முடிந்த பிறகு, பிடிபட்ட நகரங்களில், அதிகாரத்தைக் காட்டுவதற்காகவே மெருகேற்றிய வாழ்க்கை. ஆராய்ச்சியில் கிடைக்கும் ஒவ்வொரு குறியையும் இந்த இரண்டில் எதில் வைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அமெரிக்க ராணுவத்தில் ராணுவப் போலீஸ் நிரந்தரத் தனிப்பிரிவாக ஆனது 1941 செப்டம்பர் 26 அன்று. அதன் வண்டிகளுக்கென்று தனிச் சட்டம் எதுவும் வைக்கவில்லை. எல்லா வண்டிகளுக்கும் பொதுவான ஏ.ஆர். 850-5 என்ற விதிதான் அவற்றுக்கும். 1942 ஆகஸ்டில் வந்த அதன் பதிப்புதான் இன்றைக்கும் மாதிரிக் கலைஞர்கள் தேடிப் பிடிக்கும் முதல் ஆவணம். பம்பர் எழுத்தை அது நான்கு கூறாகப் பிரிக்கிறது. வண்டியை எதிரே நின்று பார்த்தால் இடப்பக்கம் முதலில் வருவது பெரிய அமைப்பு: காலாட்படை டிவிஷன் என்றால் வெறும் எண், கவச டிவிஷன் என்றால் எண்ணோடு ஒரு சிறு முக்கோணம், கோர் என்றால் ரோமன் எண், ஆர்மி என்றால் எண்ணுக்குப் பின் ‘ஏ’. அடுத்தது ரெஜிமென்ட் அல்லது பட்டாலியன். வலப்பக்கம் கம்பெனி, கடைசியாக அணிவகுப்பில் அந்த வண்டிக்கு எத்தனையாவது இடம் என்ற எண்.

இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டால் ஒரு பெரிய வசதி உண்டு. காலாட்படை டிவிஷனுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு ராணுவப் போலீஸ் பிளாட்டூன் மட்டுமே. பட்டாலியன் அளவிலான ராணுவப் போலீஸ் அணிகள் கோர், ஆர்மி, அல்லது பின்னணி வழங்கல் மண்டலத்தின் கீழ் வேலை செய்தன. எனவே பம்பரில் டிவிஷன் எண்ணையும் ராணுவப் போலீஸ் (எம்.பி.) பட்டாலியன் எண்ணையும் சேர்த்து எழுதியிருக்கும் மாதிரியை, படம் எதையும் புரட்டாமலே சந்தேகிக்கலாம். பட்டாலியனின் வண்டி எந்த ஆர்மியோடு இணைந்திருந்தது என்பதைத் தேடினால் ஊரும் மாதமும் தாமாகவே வந்து சேரும்.

அந்தக் காலத்துச் சிப்பாய்களுக்கு இந்த எழுத்து அலங்காரமில்லை. 1944 டிசம்பரில் ஜெர்மன் கமாண்டோ தலைவர் ஸ்கோர்செனியின் ஆட்கள் அமெரிக்கச் சீருடையில், அமெரிக்க ஜீப்புகளில் ஊடுருவியபோது அவர்களை முதலில் எதிர்கொண்டவர்கள் சாலைச் சந்திப்பில் நின்ற எம்.பி.க்கள்தான். டிசம்பர் 17 அன்று ஏவாய் என்ற பெல்ஜிய ஊரில் ஒரு ஜீப்பை நிறுத்தினார்கள். உள்ளே மூன்று பேர். அன்றைய அடையாளச் சொல் அவர்களுக்குத் தெரியவில்லை. அதோடு கதை முடிந்தது. அதே படைப்பிரிவு சில பாந்தர் டாங்கிகளுக்குத் தகரம் அடித்து, அமெரிக்க எம்-10 போலத் தோற்றம் கொடுத்து, அமெரிக்கக் கவச டிவிஷனின் பம்பர் எழுத்தையும் ‘பி-4’, ‘பி-7’ போன்ற வண்டி எண்களையும் பூசி அனுப்பியது. எதிரியே மெனக்கெட்டுக் கற்றுக்கொண்ட எழுத்து இது. அதை டெக்கால் தாளில் கண்ணுக்கு அழகாக இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கொஞ்சம் சோம்பல்தான்.

பம்பரை விட்டுப் பானெட்டுக்கு வருவோம். அதன் இருபுறமும் இருப்பது பதிவு எண். ஜீப்புக்கு அது 20 என்று தொடங்கும். தொடக்க கால வண்டிகளில் அதற்கு முன்னால் ‘டபிள்யூ’ எழுத்து இருக்கும், நிறமும் வெள்ளை இல்லை: ‘புளூ டிராப்’ என்ற மங்கிய நீலம். ஆலிவ் பச்சைமேல் அந்த நீலம் கறுப்பு-வெள்ளைப் படத்தில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ‘எண்ணே இல்லாத ஜீப்’ என்று பலர் நினைக்கும் 1942 படங்களில் எண் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பின்னாளில் எண் வெள்ளைக்கு மாறியது. ரேடியோ இடையூறைத் தடுக்கும் அமைப்பு பொருத்திய வண்டிக்கு எண்ணின் முடிவில் ஒரு ‘எஸ்’.

இங்கே கிட்டும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். வில்லிஸ் நிறுவனத்தின் முதல் சுமார் 25,000 ஜீப்புகளின் முகப்பில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்த கிரில் இருந்தது. அதன் பிறகுதான் ஃபோர்டு வடிவமைத்த, ஒரே தகட்டில் துளையிட்ட கிரில் வந்தது. பட்டைக் கிரில் ஜீப்பை வாங்கி அதில் 1944இன் பின்பகுதியில் தயாரான வண்டியின் வெள்ளைப் பதிவு எண்ணை ஒட்டுவது, பழைய அம்பாசடர் காரில் இன்றைய ஷோரூம் வண்டியின் நம்பர் பிளேட்டை மாட்டியது போல இருக்கும். பதிவு எண்களை ஒப்பந்தவாரியாகவும் தயாரிப்பு மாதவாரியாகவும் தொகுத்து வைத்திருக்கும் பழைய வண்டிச் சேகரிப்பாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மாதிரிக் கலைஞர்கள் அந்தப் பட்டியல்களைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

நட்சத்திரத்துக்கும் தேதி உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை நட்சத்திரத்தை ஜெர்மானியச் சிலுவை என்று தவறாக நினைக்க வாய்ப்பிருந்தது. அதனால் 1943இல் சிசிலிப் படையெடுப்பையொட்டி அதைச் சுற்றி வளையம் சேர்த்தார்கள். வளையத்தை ஸ்டென்சிலால் பூசும்போது தகட்டைப் பிடித்துவைக்கும் இணைப்புகள் இருக்கும் இடத்தில் இடைவெளி விழும். சில அணிகள் தூரிகையால் அந்த இடைவெளியை அடைத்தன, பல அணிகள் அப்படியே விட்டன. 1944 நார்மண்டிக்காகப் பிரிட்டிஷ் வண்டிகளும் அதே நட்சத்திரத்தை ஏற்றன என்பதால், நட்சத்திரத்தை மட்டும் பார்த்து எந்த நாட்டு வண்டி என்று முடிவு கட்ட முடியாது.

விதி இவ்வளவு சொல்கிறது. படம் என்ன சொல்கிறது?

அமெரிக்கப் படங்களின் பெரிய சுரங்கம் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். சிக்னல் கோர் எடுத்த படங்கள் அங்கே 111-எஸ்சி என்ற தொகுப்பில் இருக்கின்றன. பிரிட்டிஷ் படங்கள் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில். ராணுவத் திரைப்பட, புகைப்படப் பிரிவு எடுத்தவை அவை. ‘பி’ என்று தொடங்கும் எண் வடமேற்கு ஐரோப்பா, ‘என்ஏ’ என்றால் வட ஆப்பிரிக்காவும் இத்தாலியும், ‘ஈ’ என்றால் எகிப்துப் பக்கம். இந்த எழுத்துகளைத் தெரிந்துகொண்டு தேடினால் ‘ஜீப்’ என்று மட்டும் தட்டித் தேடுபவரைவிடப் பத்து மடங்கு வேகமாகப் போகலாம்.

ஆனால் படத்தை நம்புவதற்கும் ஒரு முறை வேண்டும். போர்க்காலத் தணிக்கையாளர்கள் குறிவைத்து அழித்தது எதைத் தெரியுமா? நமக்கு வேண்டிய அந்தப் பம்பர் எழுத்தைத்தான். நெகட்டிவில் சுரண்டினார்கள், அச்சுப் பிரதியில் மை பூசினார்கள். எழுத்து இல்லாத பம்பரைப் பார்த்தால் வண்டியில் எழுதவில்லையா, சிப்பாய் சேறு பூசி மறைத்தாரா, தணிக்கையாளர் துடைத்தாரா என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். தணிக்கையாளர் துடைத்த இடத்தில் பம்பரின் நிழல், ஆணித்தலை, கீறல் எல்லாம் சேர்ந்தே மறைந்து, மழுங்கிய திட்டு ஒன்று தெரியும். சேறு அப்படி ஒழுங்காக நிற்பதில்லை. படத்தின் பின்னால் எழுதியிருக்கும் தேதியும் எடுத்த தேதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வெளியிட அனுமதித்த தேதியாகவும் இருக்கலாம்.

நிறம் இன்னொரு பொறி. ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். பான்குரோமேட்டிக் பிலிமிலோ சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக வந்து நிற்கக்கூடும். பிரிட்டிஷ் ராணுவப் போலீஸின் கைப்பட்டையில் கருந்தளத்தில் சிவப்பு எழுத்து, 4வது இந்திய டிவிஷனின் சின்னம் கருந்தளத்தில் சிவப்புக் கழுகு. இரண்டுமே கறுப்பு-வெள்ளைப் படத்தில் படிப்பவரை ஏமாற்றும். திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 1944-45இல் ஐரோப்பாவில் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வண்ணச் சுருளில் எடுத்த காட்சிகள் இந்த வகையில் பெரிய உதவி. ஆலிவ் பச்சை எவ்வளவு சீக்கிரம் புழுதி நிறமாக மாறுகிறது என்பதை அதில் பார்த்தவர் புட்டியிலிருந்து எடுத்த பச்சையை அப்படியே பூசமாட்டார். அசையும் படத்துக்கு இன்னொரு நன்மை: புகைப்படக்காரர் வண்டியின் ஒரு பக்கத்தைத்தான் காட்டுவார், சுருளில் அது திரும்பும்போது பின்புறமும் தெரிந்துவிடும்.

படம் தராததைக் காகிதம் தரும். பிரிட்டிஷ் அணிகளின் அன்றாடப் போர்க்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன: டபிள்யூஓ 171 வடமேற்கு ஐரோப்பா, 170 இத்தாலி, 172 தென்கிழக்கு ஆசியா. எந்த நாளில் எந்தச் சந்திப்பில் எந்த அணி நின்றது என்பது அவற்றில் கிடைக்கும். எழுத்து எப்படி இருந்தது என்று அவை பெரும்பாலும் சொல்லாது. சில வேளை ‘குறிகளை அழிக்கவும்’ என்ற உத்தரவு அகப்படும், அது ஒரு பொக்கிஷம்.

பிரிட்டிஷ் முறை அமெரிக்க முறையிலிருந்து அடிப்படையிலேயே வேறு. அவர்கள் அணியின் பெயரை எழுதுவதில்லை. வண்டியின் ஒரு பக்கம் டிவிஷனின் சின்னம், மறுபக்கம் நிறச் சதுரத்தில் ஓர் எண். பீரங்கிப் படைக்குச் சிவப்பும் நீலமும், பொறியாளர்களுக்கு நீலம், டிவிஷன் தலைமையகத்துக்குக் கறுப்பு. எண் எந்த அணி என்பதை ரகசியப் பட்டியலை வைத்திருப்பவர்தான் அறிவார். பட்டியலும் போருக்கு நடுவே மாறியது. 1940இன் எண்ணை 1944 வண்டியில் வைத்தால் ராணுவப் போலீஸ் வண்டி வேறு ஏதோ அணியின் வண்டியாகிவிடும். ‘ரெட்கேப்’ என்ற செல்லப்பெயரை நம்பி எல்லாருக்கும் சிவப்புத் தொப்பி பூசுவதும் ஆபத்து. முக்கிய இடங்களைக் காவல் காத்த பிரிவினர் நீலத் தொப்பி போட்டார்கள். ‘ராயல்’ என்ற அடைமொழியோ 1946 நவம்பரில்தான் கிடைத்தது, ஆகவே டி-டே வண்டியில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஜெர்மன் ராணுவப் போலீஸான ஃபெல்ட்ஜெண்டார்மெரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே அதிகாரத்தைக் காட்டியது வண்டியைவிட ஆளின் கழுத்தில் சங்கிலியில் தொங்கிய, இருட்டில் ஒளிரும் தகடு. மாதிரியில் உழைப்பு அந்தப் பொம்மை மனிதருக்குத்தான் போக வேண்டும்.

இனி அந்த இரண்டாவது வாழ்க்கை. அதற்கு வியன்னாவைவிட நல்ல இடம் கிடையாது. 1945 முதல் 1955 வரை அந்த நகரம் நான்கு வல்லரசுகளின் கையில் இருந்தது. நகரின் நடு மாவட்டம் நால்வருக்கும் பொது, தலைமை மாதம் ஒருவர் கைக்கு மாறும். அங்கே ரோந்து போன வண்டியில் அமெரிக்கர், பிரிட்டிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், சோவியத்துக்காரர் என நான்கு ராணுவப் போலீஸ்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். வண்டி கொடுத்தது அமெரிக்கா. மாதிரிக் கலைஞருக்கு இதைவிட ஆசை காட்டும் பொருள் உண்டா? ஒரே வண்டி, நான்கு சீருடைகள், நான்கு கொடிகள்.

சிக்கல் சினிமாவில் தொடங்குகிறது. 1951இல் வந்த ‘ஜீப்பில் நால்வர்’ என்ற சுவிஸ் படம் முதல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி வாங்கியது. அந்தத் தலைப்பே உலகத்தின் நினைவில் ஒட்டிக்கொண்டது. பத்தாண்டும் நால்வரும் ஜீப்பிலேயே சுற்றினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜீப் தொடக்க காலத்துக்கு உரியது. பிறகு பெரிய வண்டிகளும், மூடிய கார்களும் அந்த வேலைக்கு வந்துவிட்டன. வியன்னாக் குளிரில் நான்கு பேர் திறந்த ஜீப்பில் இரவு ரோந்து போவதை யோசித்துப் பார்த்தாலே காரணம் விளங்கும். ஆகவே வியன்னா மாதிரியில் முதல் கேள்வி டெக்காலைப் பற்றியதல்ல, ஆண்டைப் பற்றியது. கரோல் ரீட் 1948இல் அந்த நகரத்தின் தெருக்களிலேயே எடுத்த ‘மூன்றாம் மனிதன்’ படத்தையும் ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நல்லது. கதை கற்பனை, தெரு உண்மை. அதிலும் படக்குழுவுக்காக ஏற்பாடு செய்த வண்டி எது, தற்செயலாகப் பின்னால் போனது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னால் போனதற்கே மதிப்பு அதிகம்.

அதே காலத்து ஜெர்மனியில் இன்னொரு குழப்பம். 1946 ஜூலையில் வேலையைத் தொடங்கிய அமெரிக்கக் கான்ஸ்டபுலரி படை, மஞ்சள் வட்டத்தில் ‘சி’ எழுத்தும் மின்னலும் கொண்ட சின்னத்தோடு, மஞ்சளும் நீலமும் பட்டை போட்ட வண்டிகளில் ஊர் ஊராக ரோந்து போனது. வண்ணத்தில் மயங்கி அதை ராணுவப் போலீஸ் வண்டி என்று பெயரிட்டு மேசையில் வைப்பவர்கள் உண்டு. செய்த வேலை போலீஸ் வேலைதான். ஆனால் அணிகள் பெரும்பாலும் கவசப்படையிலிருந்தும் குதிரைப்படை மரபிலிருந்தும் வந்தவை. ராணுவப் போலீஸின் குறுக்குத் துப்பாக்கிச் சின்னத்துக்கு அந்த வண்டியில் வேலையில்லை.

வியட்நாமுக்கு வரும்போது வேலை எளிதாகிறது. அதனாலேயே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1966இல் அங்கு போன 18வது எம்.பி. பிரிகேடின் ஆட்கள் சொந்தக் கேமராவில் வண்ண ஸ்லைடுகளாக எடுத்துத் தள்ளினார்கள். சைகோனில் 716வது பட்டாலியனின் எம்-151 ஜீப்புகள் எழுத்துகளை வெளிப்படையாகவே தாங்கின, ஏனென்றால் அது நகரப் போலீஸ் வேலை. நெடுஞ்சாலைகளில் லாரி வரிசைக்குக் காவல் போன வி-100 கவச வண்டிகளில் ஆட்கள் சூட்டிய பெயர்களும் சேர்ந்துகொண்டன. அங்கே விதிப்புத்தகத்தைவிட வீட்டு ஆல்பம்தான் பேசும்.

ஆதாரங்களை எப்படி எடைபோடுவது? அதே அணியின் அதே வண்டியை, தேதி தெரிந்த படத்தில் பார்ப்பதற்கு இணை எதுவும் இல்லை. அது கிடைப்பது அபூர்வம். அடுத்து, அதே அணியின் வேறொரு வண்டி, அதே மாதத்தில். அதன் பம்பரைப் பார்த்துவிட்டால் எழுத்தின் அளவும் இடமும் பழக்கமும் தெரிந்துவிடும், வண்டி எண்ணை மட்டும் நாம் மாற்றிக்கொள்ளலாம். விதிப்புத்தகம் இதற்கும் பிறகுதான் வரும் என்பேன். களத்தில் விதியைப் பார்த்து எழுதியவரும் உண்டு, பக்கத்து வண்டியைப் பார்த்து எழுதியவரும் உண்டு. இன்றைய நூல்களில் வரும் வண்ணப் பக்கவாட்டு ஓவியங்களை நான் மிகக் கீழே வைக்கிறேன். ஓவியர் ஒரு முன்பக்கப் படத்தைப் பார்த்து, தெரியாத பக்கவாட்டை ஊகித்து வரைந்திருப்பார். பத்து ஆண்டுகளில் அந்த ஊகம் டெக்கால் தாளாக அச்சாகி, டெக்கால் தாளே ஆதாரமாகிவிடும்.

மீட்டெடுத்த பழைய ஜீப்புகள் இன்னும் வழுக்கலானவை. இயந்திர நுணுக்கத்துக்கு அவை அருமையான ஆசிரியர்கள். சைரன் எங்கே பொருந்துகிறது, கேபிள் எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் அளந்து பார்க்கலாம். எழுத்துக்கு மட்டும் அவற்றை நம்பக்கூடாது. உரிமையாளரின் அப்பா இருந்த அணி, கிளப்பின் விருப்பம், விற்பனைக்குக் கிடைத்த ஸ்டிக்கர் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

ஆராய்ச்சி முடிந்து மேசைக்கு வந்தால் அளவுக் கணக்கு காத்திருக்கிறது. அசலில் 4 அங்குல உயரமுள்ள எண் 1/35இல் ஏறக்குறைய 2.9 மில்லிமீட்டர், 1/72இல் 1.4. கிட்டோடு வரும் எழுத்தை ஒரு முறை அளந்து பார்த்தால் அது தடித்தோ உயர்ந்தோ இருப்பது தெரியவரும். அச்சு எழுத்தின் ஒழுங்கும் ஒரு குறைதான். ஸ்டென்சிலில் எழுதியது என்றால் எழுத்தின் நடுவே இடைவெளி வேண்டும், தூரிகையால் எழுதியது என்றால் இரண்டு ‘3’களும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. டெக்காலுக்கு அடியில் பளபளப்பு வார்னிஷ், மேலே மங்கல் வார்னிஷ் என்ற வழக்கம் போர்க்கால வண்டிக்குச் சரி. வியன்னா ரோந்து வண்டிக்கு அந்தக் கடைசி மங்கல் பூச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதிகாரத்தைக் காட்டக் கழுவித் துடைத்த வண்டி அது.

எவ்வளவு தேடியும் பம்பர் எழுத்து அகப்படாத அணிகள் இருக்கத்தான் செய்யும். அப்போது ஏதோ ஓர் எண்ணை எழுதி வைப்பதைவிட, அந்த அணி குறிகளை மறைத்து ஓடிய ஒரு வாரத்தைத் தேடிப் பிடித்து, பழைய எழுத்தின்மேல் புதிதாகப் பூசிய பச்சைச் செவ்வகம் ஒன்றை மட்டும் பம்பரில் விடலாம். சுற்றியுள்ள பச்சையைவிட அது ஒரு சாயல் கருமையாக இருந்தால் போதும்.